வளர்ந்த பின் மங்கும் பீக்காக் சிக்லிட் ஆண்கள்: நிறம் கூட்டும் உணவு மட்டும் போதுமா?

நீலச்செதில்

அனைவருக்கும் வணக்கம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன்களை ஓராண்டாக வளர்த்து வருகிறேன். என்னுடையது நாலடி நீளமுள்ள, ஏறத்தாழ 300 லிட்டர் கொள்ளும் தொட்டி. பீக்காக் ஆண்கள் ஐந்து, எலெக்ட்ரிக் ப்ளூ எனப்படும் ஸியானோக்ரோமிஸ் ஃப்ரையரி ஆண் ஒன்று, மஞ்சள் லாபிடோக்ரோமிஸ் மூன்று, ஆரட்டஸ் ஆண் ஒன்று என மொத்தம் பத்து மீன்கள் இருக்கின்றன. பீக்காக் பெண்கள் எவையும் இல்லை.

என் கவலை ஸ்டூவர்ட்கிராண்டி வகை பீக்காக்குகள் இரண்டைப் பற்றியும், பேன்ஷி வகை மஞ்சள் பீக்காக் ஒன்றைப் பற்றியும்தான். ஐந்து மாதங்களுக்கு முன் வாங்கியபோது ஸ்டூவர்ட்கிராண்டி இரண்டும் 8 செ.மீ. நீளமே இருந்தன, ஆனாலும் முகத்தில் நல்ல நீலமும் தோளில் ஆரஞ்சுச் சாயலும் தெரிந்தன. இப்போது பெரியது 11 செ.மீ. வளர்ந்துவிட்டது. நிறமோ வளர்வதற்குப் பதிலாகக் குறைந்துகொண்டே வந்து, இன்றைக்கு மேல்துடுப்பின் ஓரத்தில் மெல்லிய கோடாக மட்டும் எஞ்சி நிற்கிறது. உடல் முழுவதும் சாம்பல், பக்கவாட்டில் செங்குத்துப் பட்டைகள். பெண் மீன் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். பேன்ஷியின் மஞ்சளும் வெளிறிவிட்டது. பசி குறையவில்லை, மூச்சு வேகமாக இல்லை, உடலில் காயமும் இல்லை.

நிறம் கூட்டும் பெல்லட்டை (உருண்டைத் தீனியை) நாளொன்றுக்கு மூன்று வேளை போடுகிறேன். தரையில் வெள்ளை மணல், பின்கண்ணாடியில் வெளிர்நீல ஒட்டுத்தாள், மேலே வெண்மையான எல்.இ.டி. விளக்கு 12 மணி நேரம் எரிகிறது. வெப்பம் 26 டிகிரி, பி.எச். 8.0, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 60 பி.பி.எம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். இதைவிட வீரியமான உணவு எது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாறைமீன்

நண்பரே, விவரங்களை இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதென்றால், ஸ்டூவர்ட்கிராண்டியின் நீலத்தைக் கூட்டும் உணவு என்று ஒன்று கிடையாது. பெல்லட் டப்பாவின் மேல் நீல மீன் படம் அச்சிட்டிருந்தாலும் கிடையாது.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மீனின் தோலில் பல வகை நிறச் செல்கள் இருக்கின்றன. கறுப்புக்கு மெலனோஃபோர், மஞ்சளுக்கு ஸாந்தோஃபோர், சிவப்புக்கு எரித்ரோஃபோர். இவை மூன்றிலும் நிறமி என்ற பொருள் உண்டு. நான்காவதான இரிடோஃபோரில் நீல நிறமி எதுவும் இல்லை. குவானின் என்னும் பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒளி அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது நீல அலைகள் மட்டும் வலுப்பெற்று நம் கண்ணுக்கு வருகின்றன. அடியில் இருக்கும் மெலனின் என்னும் கறுப்பு நிறமி மற்ற ஒளியை விழுங்கிக்கொள்வதால் அந்த நீலம் ஆழமாகத் தெரிகிறது. குவானினை மீன் தன் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும், மெலனினும் அப்படியே.

வெளியிலிருந்து வர வேண்டியது கரோட்டினாய்டு வகை நிறமிதான். மீனால் அதைத் தானே தயாரிக்க முடியாது. ஆகவே பேன்ஷியின் மஞ்சளுக்கு உணவு காரணமாக இருக்கலாம். அதே மீனின் முகத்திலுள்ள நீலத்துக்கு உணவு காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் தொட்டியில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் ஒரே நேரத்தில் நடப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

செம்மணல்

பாறைமீன் சொல்லும் செல் விவரம் சரி. ஆனால் உணவை இவ்வளவு விரைவாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சிவப்புத் தோள் பீக்காக்குகளை வளர்த்தபோது நான் கண்ணால் கண்ட மாற்றம் அது. ஒரே ஈற்றில் பிறந்த ஆண்களை இரண்டு தொட்டிகளில் பிரித்து வைத்திருந்தேன். ஒரு தொட்டிக்குச் சாதாரண மீன்தூள் பெல்லட், மற்றதற்கு க்ரில் என்னும் கடல் சிற்றிறாலும் ஸ்பைருலினா என்னும் பாசியும் கலந்த பெல்லட். ஆறாவது வாரத்தில் இரண்டாவது தொட்டி மீன்களின் தோள் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. முதல் தொட்டி மீன்கள் வைக்கோல் நிறத்திலேயே நின்றன. க்ரில், இறால் ஓடு ஆகியவற்றில் உள்ள அஸ்டாக்சாந்தினும், ஸ்பைருலினாவில் உள்ள ஸியாக்சாந்தினும் பீட்டா கரோட்டினும் ஆகிய கரோட்டினாய்டுகள் தோலில் போய்ச் சேர்வதற்கு அத்தனை வாரம் ஆகிறது. நாலு நாளில் பலனை எதிர்பார்த்து உணவை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் எதையும் அறிந்துகொள்ள மாட்டார்கள்.

நீலச்செதிலிடம் ஒன்று கேட்க வேண்டும். டப்பாவைத் திறந்து எத்தனை மாதம் ஆகிறது? எங்கே வைத்திருக்கிறீர்கள்? கரோட்டினாய்டு காற்றிலும் வெளிச்சத்திலும் சூட்டிலும் கெட்டுப்போகும் பொருள். தொட்டி விளக்கின் பக்கத்திலேயே மூடி தளர்ந்த டப்பாவை வைத்திருப்பவர்கள், நிறம் கூட்டும் பெல்லட் என்ற பெயரில் வெறும் மாவைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வேளை என்பதும் அதிகம். வளர்ந்த பீக்காக்குக்கு இரு வேளை, ஒரு நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவு போதும். உங்கள் நைட்ரேட் 60-இல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீலச்செதில்

செம்மணல் அவர்களே, டப்பா திறந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. தொட்டியின் மூடிமேல், விளக்கை ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். எழுதும்போதுதான் உறைக்கிறது.

பாறைமீன்

அந்த டப்பாவை மாற்றிவிடுங்கள். பேன்ஷிக்கு அதில் பலன் கிடைக்கும். செம்மணல் சொன்னதோடு எனக்கு முரண்பாடில்லை. நான் வலியுறுத்துவது நீலம் மறைந்ததைப் பற்றித்தான்.

ஆண் சிக்லிட்டின் நிறம், தொட்டியில் அதற்கு இருக்கும் இடத்தை மற்ற மீன்களுக்குச் சொல்லும் அறிவிப்பு. பளிச்சென்று இருப்பதற்கு ஒரு விலை உண்டு: மற்ற ஆண்கள் சண்டைக்கு வரும், இரைதேடும் பறவையின் கண்ணில் படும். ஆகவே தன் எல்லையைக் காத்துக்கொள்ள முடியாத ஆண், நிறத்தை அணைத்துவிட்டுப் பெண்ணைப் போல ஒதுங்கிக்கொள்கிறது. டாங்கனிகா ஏரியில் வாழும் அஸ்டாட்டோடிலாபியா பர்ட்டோனி என்ற மீனை வைத்து ரஸ்ஸல் ஃபெர்னால்டும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆதிக்கம் செலுத்தும் ஆணைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டால், அடங்கிக் கிடந்த ஆணின் கண்ணருகே உள்ள கறுப்புப் பட்டை சில நிமிடங்களிலேயே தோன்றி, உடல் நிறமும் ஏறத் தொடங்குகிறது. உணவால் இப்படி நிமிடக் கணக்கில் மாற்றம் வர முடியாது. நரம்பும் ஹார்மோனும் உத்தரவிட, செல்லுக்குள் நிறமித் துகள்கள் இடம் மாறுவதால் வருவது இது.

உங்கள் பட்டியலில் என் கண்ணை உறுத்துவது ஆரட்டஸ். பாறை இடுக்குகளில் பாசிப்படலத்தைச் சுரண்டித் தின்னும் ம்புனா கூட்டத்திலேயே மிகவும் முரடான மீன்களில் அது ஒன்று. பீக்காக்கோ மணல்வெளியின் மேல் அசையாமல் நின்று, மணலுக்குள் நெளியும் சிற்றுயிர்களைத் தலையிலுள்ள உணர்குழிகளால் அறிந்து கொத்தும் சாதுவான மீன். இரண்டையும் ஒரே நாலடிக்குள் வைத்தால் யார் அடங்கிப் போவார்கள் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். உணவு போடும் நேரம் நெருங்காத பொழுதாகப் பார்த்து, தொட்டியிலிருந்து ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்து, இருபது நிமிடம் அசையாமல் பாருங்கள். எந்த மீன் எந்த இடத்தில் நிற்கிறது, யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் போய் நின்றால் எல்லா மீனும் உணவுக்காக உங்களிடம் வந்துவிடும், உண்மை தெரியாது.

இரட்டைவால்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். 8 செ.மீ. அளவிலேயே நிறம் வந்திருந்தது என்று படித்ததும் எனக்கு வேறொரு சந்தேகம் எழுந்தது. விற்பனைக்காக மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோனை உணவில் கலந்து, குஞ்சுப் பருவத்திலேயே நிறம் ஏற்றுவதுண்டு. வீட்டுக்கு வந்து ஹார்மோன் நின்றதும் சில வாரங்களில், சில மாதங்களில் நிறம் வடிந்துவிடும். பெண் மீன்கூட ஆண் நிறத்தில் விற்கப்பட்டிருக்கலாம். எனக்கே அப்படி ஒருமுறை நேர்ந்தது: நீல ஆண் என்று வாங்கிய ஃப்ரையரி, நான்கு மாதம் கழித்துச் சாம்பலாகி, ஒருநாள் வாய் நிறைய முட்டையோடு நின்றது (இந்த வகைகளில் பெண்தான் முட்டையை வாயில் வைத்துக் காக்கும்). அந்த மீன்மேல் எனக்கு வருத்தமில்லை. அதற்குப் பின் இரண்டு முறை முட்டையை வாயில் எடுத்தும் எதுவும் பொரியாமல் போனதைப் பார்த்தபோதுதான் மனம் கனத்தது.

அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லா மீன்களும், அளவில் சிறியவை உட்பட, ஒரே மாதிரிப் பளிச்சென்று இருந்தனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இயற்கையாக வளரும் பீக்காக் கூட்டத்தில் அப்படி இருக்காது. ஓரிரு ஆண்கள் முந்திக்கொண்டு நிறம் காட்டும், மற்றவை பின்தங்கும், பெண்கள் சாம்பலாகவே இருக்கும். முழு நிறம் வந்து நிலைக்க ஒன்றரை ஆண்டு, சிலவற்றுக்கு இரண்டு ஆண்டுகூட ஆகும்.

நீலச்செதில்

இரட்டைவால் அவர்களுக்கு: அந்தக் கூட்டத்தில் நிறம் தெரிந்தவை மூன்றோ நான்கோதான், அவற்றிலிருந்துதான் இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை என்று நினைக்கிறேன்.

பாறைமீன் சொன்னபடி மூன்று நாட்கள் உட்கார்ந்து பார்த்தேன். இவ்வளவு நாள் நான் தொட்டியைப் பார்த்தேனே தவிர மீன்களைப் பார்க்கவில்லை என்பது புரிந்தது. நடுவிலுள்ள கற்குவியல் முழுவதும் ஆரட்டஸின் ஆட்சி. இருபது நிமிடத்தில் பதினேழு முறை துரத்தியது; அவற்றில் பதினொன்று பெரிய ஸ்டூவர்ட்கிராண்டியை நோக்கி. அந்த மீன் வலது மூலையில், ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே தலையைச் சற்றே தாழ்த்தி நிற்கிறது. உணவு விழும்போது மட்டும் வெளியே பாய்ந்து, இரண்டு வாய் கவ்விக்கொண்டு திரும்பிவிடுகிறது. அது நன்றாகச் சாப்பிடுவதைப் பார்த்தே நலமாக இருப்பதாக எண்ணியிருந்தேன்.

நேற்று மாலை ஆரட்டஸை வலைபோட்டு எடுத்துத் தனிமைத் தொட்டியில் விட்டேன். கற்களைக் கலைத்ததால் தண்ணீர் கலங்கியிருந்தது. தெளிந்து பார்க்கும்போது பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஸ்டூவர்ட்கிராண்டி குழாய்க்கு முன்னால் வந்து நின்றது. மூக்கின் மேல் நீலம் ஒரு கறைபோல வந்து, கன்னத்துக்கு இறங்கியது. செங்குத்துப் பட்டைகள் அப்போதும் இருந்தன. ஆனால் பட்டைகளுக்கு இடையே செதில்களின் விளிம்பில் நீலப் பொடி தூவியதுபோல் மினுமினுப்பு. ஐந்து மாதமாக அந்த நிறம் தோலுக்குள்ளேயே காத்திருந்திருக்கிறது.

பாறைமீன்

இதைப் படித்ததில் எனக்குண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஹார்மோன் ஏற்றிய மீனாக இருந்தால் இப்படிப் பத்து நிமிடத்தில் திரும்பியிருக்காது. அந்தக் கேள்வியும் இதோடு தீர்ந்தது.

ஆரட்டஸைத் திரும்பவும் அந்தத் தொட்டியில் விடாதீர்கள். இப்போதே கற்களை வேறு விதமாக அடுக்குங்கள். பழைய எல்லைகள் அழிந்தால்தான் மற்ற மீன்கள் புதிதாக இடம் பிடிக்கும். நடுவில் பெரிய குவியல் வேண்டாம். இரு ஓரங்களிலும் தாழ்வான அடுக்குகள், நடுவில் திறந்த மணல்வெளி என்று அமைத்தால் பீக்காக்குகளுக்குப் பிடிக்கும். ஒன்று மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே வகையில் இரண்டு ஆண்கள் இருக்கும்வரை, இரண்டாவது மீன் முழு நிறம் காட்டாது. ஆண்கள் மட்டுமே உள்ள தொட்டிக்கு, ஒன்றையொன்று ஒத்திராத வகைகளில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பதே வழி.

அடர்மணல்

உறவுச் சிக்கல் தீர்ந்தது. மணலையும் விளக்கையும் பற்றி நான் சொல்கிறேன். பலரும் அலங்காரமாக மட்டுமே நினைத்துக் கடந்துவிடும் விஷயம் இது.

வெள்ளை மணலின் மேல் நிற்கும் மீன், தன்னைச் சுற்றியுள்ள வெளிச்சத்தைக் கண்ணால் அளந்து, அதற்கேற்பத் தோலை வெளிறச் செய்துகொள்கிறது. மூளைக்கு அடியிலுள்ள சுரப்பி வழியாக இரண்டு ஹார்மோன்கள் எதிரெதிராக வேலை செய்கின்றன: ஒன்று மெலனின் துகள்களைச் செல்லின் நடுவில் குவிக்கும், மற்றது செல் முழுக்கப் பரப்பும். வெளிர் தரையில் குவிப்பதன் கை ஓங்கும். பாறைமீன் முன்பே சொன்னதுபோல், நீலத்துக்கு ஆழம் தருவது அடியில் பரவியுள்ள மெலனின்தான். அது சுருங்கிவிட்டால் நீலமும் சோகை பிடித்தாற்போல் ஆகிவிடும். இதுவரை சொன்னது நிமிடங்களில் நடக்கும் மாற்றம். வாரக்கணக்கில் வெளிர் தரையிலேயே வைத்திருந்தால் கறுப்புச் செல்களின் எண்ணிக்கையே குறைந்துபோகும்.

ஆகவே சாம்பல் அல்லது அடர்பழுப்பு நிற மணலுக்கு மாறுங்கள், பின்கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். மணல் உருண்டையான, நைசான துகளாக இருக்கட்டும். பீக்காக்குகள் அதை வாயில் அள்ளிச் சலிக்கும், கூரான துகள் செவுளைக் கிழிக்கும்.

இந்த அறிவுரை எல்லாச் சிக்லிட்களுக்கும் பொருந்தாது என்பதையும் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். பிஜன் ப்ளட் வகை டிஸ்கஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கறுப்பு மணல் போட்டால், மிளகுத்தூள் தூவியதுபோல் மீன் உடலெங்கும் கரும்புள்ளிகள் எழும்பி அழகைக் கெடுத்துவிடும். அந்த வகைக்கு வெளிர்நிறத் தரையும் வெளிர்நிறப் பின்னணியுமே ஏற்றவை. மீன் எந்த வகை என்று கேட்காமல் யாரும் மணலைப் பற்றி ஆலோசனை சொல்லக் கூடாது.

விளக்கைப் பொறுத்தவரை, நிறத்தை உண்டாக்குவது வேறு, இருக்கும் நிறத்தைக் காட்டுவது வேறு. நீலம் கூடுதலாக உள்ள விளக்கு நீல மீனைத் தூக்கிக் காட்டும்; அதே வெளிச்சத்தில் பேன்ஷியின் மஞ்சள் பச்சையாகத் தெரியும். முழு நிறமாலை தரும் 6500 கெல்வின் விளக்கோடு அளவாக நீலத்தையும் சிவப்பையும் சேர்த்துக்கொள்வது இரண்டு மீன்களுக்கும் நியாயம் செய்யும். விளக்கைத் தொட்டியின் முன்பக்கத்துக்கு நகர்த்தி வையுங்கள். படிகத் தகடுகளில் பட்டுத் திரும்பும் ஒளி பார்ப்பவர் பக்கம் வர வேண்டுமானால், ஒளியும் அந்தப் பக்கத்திலிருந்து போக வேண்டும். பின்பக்கம் இருக்கும் விளக்கு மீனை நிழலாக்கிவிடும். பன்னிரண்டு மணி நேரம் தேவையில்லை, எட்டு மணி நேரம் போதும். மிகையான வெளிச்சத்தில் மீன் ஒடுங்கி நிற்கும்.

இரட்டைவால்

அடர்மணல் விளக்கைப் பற்றி எழுதியதைப் படித்தபோது விக்டோரியா ஏரி நினைவுக்கு வந்தது. அங்கே சிவப்பான புண்டமீலியா நியரேரியும், அதன் நெருங்கிய உறவான நீலநிறப் புண்டமீலியா புண்டமீலியாவும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. பெண்கள் தம் இன ஆணை நிறத்தை வைத்தே அடையாளம் காண்கின்றன. கழிவும் மண்ணும் கலந்து ஏரி கலங்கியபோது, கலங்கல் மிகுந்த கரைகளில் ஆண்களின் நிறம் மங்கியிருப்பதையும், இனங்கள் ஒன்றோடொன்று கலந்து எண்ணிக்கையில் குறைந்திருப்பதையும் ஓலே ஸீஹவுஸனும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்டார்கள். நாம் அழகுக்காக விரும்பும் ஒன்றை நம்பி அந்த மீன்களின் இனமே நிற்கிறது. தெளிந்த தண்ணீரும் நல்ல வெளிச்சமும் கொடுப்பதை அலங்காரம் என்று எண்ண எனக்கு மனம் வருவதில்லை.

செம்மணல்

நைட்ரேட்டைப் பற்றி யாரும் முழுமையாகச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர் மாற்றுங்கள். குளோரின் நீக்கி, வெப்பம் ஒத்திருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். 20 பி.பி.எம். அருகில் நின்றால் போதும். நீரின் தரம் கெட்டு நாள்பட்ட அழுத்தத்தில் இருக்கும் மீனுக்கு எந்தக் கரோட்டினாய்டு கொடுத்தாலும், தோலுக்குப் போவதைவிட உயிரைக் காப்பதற்கே அது அதிகம் செலவாகும்.

உணவில் ஓர் எச்சரிக்கை. நிறம் வேகமாக வர வேண்டும் என்று ரத்தப்புழு, மாட்டு இதயம் என்று கொழுத்த தீனியில் இறங்கிவிடாதீர்கள். மலாவி மீன்களின் வயிறு வீங்கி, வெண்மையான நூல்போல் மலம் கழித்து, சில நாட்களில் இறந்துபோவதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ம்புனாக்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். உங்கள் தொட்டியிலுள்ள லாபிடோக்ரோமிஸும் ம்புனாவே. ஸ்பைருலினா முதன்மையாக, க்ரில் துணையாக இருக்கட்டும். புதிய டப்பாவைச் சிறிய அளவில் வாங்கி, காற்றுப் புகாமல் மூடிக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

நீலச்செதில் (ஒன்பது வாரங்களுக்குப் பின்)

நீங்கள் அனைவரும் சொன்னபடி செய்ததையும் கண்டதையும் எழுதுவது என் கடமை.

ஆரட்டஸ் இப்போது ம்புனாக்கள் மட்டும் வளர்க்கும் ஒருவரின் ஆறடித் தொட்டியில் இருக்கிறது. மணலை ஒரே நாளில் மாற்றாமல், மூன்று வாரங்களில் பகுதி பகுதியாக அள்ளிவிட்டுச் சாம்பல் மணல் போட்டேன். விளக்கு முன்பக்கம் வந்துவிட்டது, எட்டு மணி நேரம் எரிகிறது. நைட்ரேட் 20-க்கும் 25-க்கும் இடையில் நிற்கிறது.

பெரிய ஸ்டூவர்ட்கிராண்டியின் முகத்தில் நீலம் முதல் வாரத்திலேயே நிலைத்தது. பட்டைகள் மறைய ஏறத்தாழ ஐந்து வாரம் ஆயின. வெள்ளை மணல் முழுவதும் வெளியேறிய பிறகுதான் உடலின் நீலம் மைபோல அடர்ந்தது. காலையில் விளக்குப் போட்டவுடன் பார்த்தால் வெளிறித்தான் இருக்கிறது. முதலில் பதறினேன், பிறகு கால் மணி நேரத்தில் நிறம் ஏறுவதைத் தினமும் பார்த்துப் பழகிவிட்டேன். இடது ஓரக் கல்லடியில் வாயால் மணலை அள்ளி அள்ளிக் கொட்டி, தட்டளவு பள்ளம் ஒன்றைத் தோண்டியிருக்கிறது. ஃப்ரையரி அந்தப் பக்கம் வந்தால் துடுப்புகளையெல்லாம் விரித்துப் பக்கவாட்டில் நின்று நடுங்குகிறது, அடித்துக்கொள்வதில்லை.

பேன்ஷியின் மஞ்சள் மெதுவாகத்தான் வந்தது. நான்காம் வாரம் வரை எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஏழாம் வாரத்தில், மார்புத் துடுப்பின் பின்னால் இருந்த வெளிறிய பகுதி நிறைந்துவிட்டதைக் கவனித்தேன். செம்மணல் சொன்ன கால அளவு அப்படியே பொருந்தியது.

சிறிய ஸ்டூவர்ட்கிராண்டி இன்னும் சாம்பலாகவே இருக்கிறது. இப்போது பெரிய மீனைப் பார்த்து ஒதுங்குவது அதுதான். அதே ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், அதே உயரத்தில் நிற்கிறது. உணவு வேளையில் நன்றாகச் சாப்பிடுகிறது. ஆனால் அதை நலம் என்று இனி நான் எண்ணப்போவதில்லை. பீக்காக் பெண்கள் மூன்றை மட்டும் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். மூன்றும் ஸ்டூவர்ட்கிராண்டி பெண்களே என்பதையும் உறுதி செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுகிறேன்.

பாறைமீன்

விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள், நண்பரே. மறுநாள் காலைவரை அதை இருட்டிலேயே இருக்க விடச் சொல்லுங்கள். நிறம் ஏறும்போது முதலில் மூக்கின் மேல்தான் வரும். உங்கள் நண்பரையும் தள்ளி உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.